வடகோடியில் இரண்டு விமான நிலையங்கள்: தூரமும் பயண நேரமும் நாமே கணக்கிடுவது எப்படி

கிருஷ்ணகிரியில் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு வடதுருவப் பக்கம் போனால் கணக்கு தப்பும். நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்இயர்பியன், நி-ஓலசுண்ட் என்று இரண்டு விமான நிலையங்கள் உண்டு. முதலாவதற்குப் பயணிகள் விமானம் வருகிறது. இரண்டாவது ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும் ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அட்சரேகையில் 0.68 டிகிரி வித்தியாசம், தீர்க்கரேகையில் 3.59 டிகிரி வித்தியாசம். நம் ஊர்ப் பழக்கத்தில் டிகிரிக்கு 111 கி.மீ. என்று வைத்து, பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 406 கி.மீ. வரும். உண்மையான தூரம் 109 கி.மீ.

தவறு பிதாகரஸ் மேல் இல்லை, டிகிரி மேல்தான். வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது உலகில் எங்கே போனாலும் சுமார் 111 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி அப்படியல்ல. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேருவதால் வடக்கே போகப் போக அது சுருங்கும். கிருஷ்ணகிரி இருக்கும் 12.5 டிகிரியில் அது 108.6 கி.மீ.; இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்பதால் நமக்கு வித்தியாசமே தெரிவதில்லை. நார்வேயின் ட்ரோம்சோவில் அது 38.6 கி.மீ. லாங்இயர்பியனில் வெறும் 22.7 கி.மீ. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வேலை எளிது.

இங்கே முழுக் கணக்காக ட்ரோம்சோவிலிருந்து லாங்இயர்பியன் போகும் வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து பிளஸ் டூ, பாலிடெக்னிக் மாணவர்கள் சயின்டிபிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்களுக்கு, டிக்கெட்டில் இருக்கும் நேரம் எப்படி வந்தது என்பதும் புரியும்.

முதல் வேலை: சரியான புள்ளியை எடுப்பது

ஊரின் இருப்பிடத்தை எடுக்காதீர்கள், விமான நிலையத்தின் இருப்பிடத்தை எடுங்கள். பெங்களூரு என்று தேடினால் நகரின் நடுப்புள்ளி வரும். விமானம் இறங்குவதோ நகரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில். நீண்ட தூரக் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது. 109 கி.மீ. வழித்தடத்தில் நன்றாகவே தெரியும்.

விமானத் துறை ஆவணங்களில் இருப்பிடம் டிகிரி, நிமிடம், வினாடியில் இருக்கும். நமக்கு வேண்டியவை இவை:

ட்ரோம்சோ: வடக்கு 69°41′00″, கிழக்கு 18°55′08″
லாங்இயர்பியன்: வடக்கு 78°14′46″, கிழக்கு 15°27′56″
நி-ஓலசுண்ட்: வடக்கு 78°55′39″, கிழக்கு 11°52′28″

இவற்றைத் தசமத்துக்கு மாற்ற வேண்டும். நிமிடத்தை 60ஆல், வினாடியை 3600ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டுங்கள். லாங்இயர்பியனுக்கு 78 + 14/60 + 46/3600 = 78.2461. தீர்க்கரேகை 15.4656. ட்ரோம்சோ 69.6833, 18.9189. நி-ஓலசுண்ட் 78.9275, 11.8744. நான்கு தசம இடம் போதும். நான்காவது இடத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தரையில் 11 மீட்டர்தான்.

அதிகம் நடக்கும் பிழை, 78°14′46″ என்பதை அப்படியே 78.1446 என்று எழுதிவிடுவது. அதிலேயே 11 கி.மீ. போய்விடும். விடை பார்க்க நியாயமாக இருக்கும் என்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. மேற்கு தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போட மறப்பது அடுத்தது. ஸ்வால்பார்டுக்கு அந்தக் குறி தேவையில்லை. கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்துப் பக்கத்து நிலையங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது பிழை, அட்சத்தையும் தீர்க்கத்தையும் இடம் மாற்றிப் போடுவது. செல்போன் வரைபடங்கள் அட்சத்தை முதலில் கேட்கும். சில மென்பொருள்கள் தீர்க்கத்தை முதலில் கேட்கும். லாங்இயர்பியனை மாற்றிப் போட்டால் 15.4656 வடக்கு, 78.2461 கிழக்கு என்று ஆகி, ஆந்திராவில் நந்தியால் பக்கத்தில் போய் நிற்கும். அது கிருஷ்ணகிரிக்கு நேர் வடக்கே 330 கி.மீ.கூட இல்லை. ட்ரோம்சோவை மாற்றிப் போட்டால் மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் விழும். அதனால் எண்ணைப் போட்டதும் புள்ளி எங்கே விழுகிறது என்று ஒரு முறை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

விமான நிலையக் குறியீட்டை வைத்துத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். லாங்இயர்பியனுக்கு எல்.ஒய்.ஆர்.; எல்.ஒய்.எஸ். என்று அடித்தால் பிரான்ஸின் லியோன் வந்துவிடும். ட்ரோம்சோவுக்கு டி.ஓ.எஸ்.

நூலும் உலக உருண்டையும்

கால்குலேட்டரை எடுக்கும் முன் பள்ளிக்கூட உலக உருண்டையில் ஒரு முறை அளந்து பாருங்கள். பிறகு வரும் விடை சரியா என்று சோதிக்க இது உதவும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் சுற்றளவு 94.2 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. ஆக 1 செ.மீ.க்கு 425 கி.மீ. உருண்டையின் விட்டம் தெரியாவிட்டால் பூமத்தியரேகை மேல் நூலைச் சுற்றி, அந்த நீளத்தால் 40,030ஐ வகுத்தால் போதும்.

தையல் நூல் நல்லது. கம்பளி நூலும் ரப்பர் பேண்டும் இழுபடும். இரண்டு ஊர் மீதும் நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால், மிகக் குறுகிய வழியில் அதுவே போய் உட்காரும். ட்ரோம்சோவுக்கும் லாங்இயர்பியனுக்கும் இரண்டேகால் செ.மீ. வரும், அதாவது 950 கி.மீ. சொச்சம். ஒரு மி.மீ. தவறினால் 42 கி.மீ. தவறும். ஆகவே இது உத்தேசம்தான். ஆனாலும் கால்குலேட்டர் 2,600 என்று காட்டினால் எங்கோ பிழை என்று உடனே சொல்லிவிடும்.

சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. செல்போன் வரைபடம் உட்பட பலவும் மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. அந்த முறையில் கிருஷ்ணகிரி உயரத்தில் நீளங்கள் 2 சதவீதம்தான் பெரிதாகத் தெரியும். ட்ரோம்சோவில் கிட்டத்தட்ட 3 மடங்கு, லாங்இயர்பியனில் கிட்டத்தட்ட 5 மடங்கு. படத்தின் அடியில் இருக்கும் அளவுகோல் பூமத்தியரேகைக்குப் பொருந்தும், மேலே பொருந்தாது.

கால்குலேட்டரில் படிப்படியாக

கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரையின் மேல் ‘டி’ என்ற சிறிய எழுத்து தெரிய வேண்டும். ‘ஆர்’ இருந்தால் ரேடியன். வரும் எண் எல்லாமே குப்பை. சைன் 30 அடித்துப் பாருங்கள், 0.5 வந்தால் சரி.

நாம் பயன்படுத்துவது, உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடும் ஹேவர்சைன் முறை. படிகள் இவை:

அட்சங்களின் வித்தியாசம் 78.2461 − 69.6833 = 8.5628. அதில் பாதி 4.2814. அதன் சைன் 0.07466. அதை வர்க்கமாக்கினால் 0.005573. இதைத் தனியே எழுதி வையுங்கள்.

தீர்க்கங்களின் வித்தியாசம் 18.9189 − 15.4656 = 3.4533. பாதி 1.7267. சைன் 0.03013. வர்க்கம் 0.000908.

இரண்டு அட்சங்களின் காஸ் மதிப்பு: காஸ் 69.6833 = 0.3472, காஸ் 78.2461 = 0.2037. பெருக்கினால் 0.07073. இதை மேலே வந்த 0.000908 ஓடு பெருக்குங்கள், 0.0000642 வரும். கிழக்கு மேற்கு தூரம் சுருங்குவதைக் கணக்கில் கொண்டுவருவது இந்தப் பெருக்கல்தான். இதை விட்டால்தான் 109 கி.மீ. 406 ஆகிறது.

முதலில் எழுதி வைத்த 0.005573 ஓடு 0.0000642ஐக் கூட்டினால், விட்ட தசமங்களையும் சேர்த்து, 0.0056376. வர்க்கமூலம் 0.07508. இதற்குச் சைன் இன்வர்ஸ் எடுத்தால் 4.306 டிகிரி. இரட்டித்தால் 8.612 டிகிரி. டிகிரிக்கு 111.195 கி.மீ. வீதம் பெருக்கினால் 957.6 கி.மீ.

இடையில் எதையும் வெட்டாமல், கால்குலேட்டர் நினைவிலேயே வைத்துப் போடுவது நல்லது. எக்செல் போன்ற ஷீட்டில் போடுகிறவர்கள் கவனிக்க: அங்கே சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் வேலை செய்யும். ஒவ்வொரு கோணத்தையும் π (பை, 3.14159) என்ற எண்ணால் பெருக்கி 180ஆல் வகுத்த பிறகே உள்ளே கொடுக்க வேண்டும்.

இதைவிடச் சிறிய வாய்பாடு ஒன்று புத்தகங்களில் இருக்கிறது: சைன்களின் பெருக்கலோடு காஸ்களின் பெருக்கலைக் கூட்டி, கடைசியில் காஸ் இன்வர்ஸ் எடுப்பது. பத்து இலக்கக் கால்குலேட்டரில் அதுவும் சரியாகவே வரும். ஆனால் நான்கு தசம இடமுள்ள அட்டவணைப் புத்தகத்தை வைத்துப் போடுகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 44.6 கி.மீ. அந்த வாய்பாட்டில் போட்டால் கடைசி காஸ் மதிப்பு 0.9999755. நான்கு இடத்துக்கு முழுமையாக்கினால் 1.0000. அதாவது கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் ஒரே இடத்தில் இருப்பதாக விடை வரும்! சிறிய கோணங்களில் காஸ் மதிப்பு ஏறக்குறைய அசையாமல் நிற்பதுதான் காரணம். சைன் அப்படியல்ல, சிறு கோணத்திலும் நன்றாக மாறும். ஹேவர்சைன் முறை கப்பல் மாலுமிகளிடம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தளம் 958, இன்னொரு தளம் 961

இரண்டு இணையதளங்களில் பார்த்து இரண்டு விடை வந்தால் குழம்ப வேண்டாம். மேலே போட்ட கணக்கு பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் வடக்கு தெற்காக ஒரு டிகிரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 110.6 கி.மீ., 74 டிகிரி வடக்கில் 111.6 கி.மீ. நம் வழித்தடம் ஏறக்குறைய நேர் வடக்கு என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் சேர்ந்து 961 கி.மீ. வரை வருகிறது. செயற்கைக்கோள் இடங்காட்டிகள் இந்தத் தட்டையையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. உருண்டைக் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம்தான் தவறும். பயண நேரத்துக்கு அது பொருட்டில்லை.

விமானத் துறையில் நாட்டிகல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. ஆகவே 961 கி.மீ. என்பது 519 நாட்டிகல் மைல். இதைச் சாதாரண மைல் என்று நினைத்து 1.609ஆல் பெருக்கினால் 835 கி.மீ. ஆகிவிடும், 126 கி.மீ. காணாமல் போகும்.

அவசரத்துக்கு, செல்போன் வரைபடத்தில் ஒரு விமான நிலையத்தின் மேல் அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் திறந்து, அடுத்த நிலையத்துக்கு நகர்த்தினால் தூரம் வந்துவிடும். அது வளைவைக் கணக்கில் எடுத்தே சொல்கிறது. ஓடுபாதையின் நடுவில் புள்ளி வைத்தால் விடை மேலே உள்ளதோடு ஒத்துவரும்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். கிலோமீட்டர் கல் படி அது சின்னத் தூரம். ஆனால் லாரிகள் இறங்கி ஏறும் அந்த இடம் நேரத்தைத் தின்னும். விமானத்துக்கும் இரண்டு முனையிலும் அப்படி ஒரு கணவாய் இருக்கிறது. மொத்தத் தூரத்தைப் பறக்கும் வேகத்தால் வகுத்துவிட்டு அதுதான் பயண நேரம் என்று சொல்வது, கணவாயை மறந்துவிட்டு வண்டி ஓட்டுவது போல.

ட்ரோம்சோ–லாங்இயர்பியன் வழித்தடத்தில் பறக்கும் போயிங் 737 ரக ஜெட் விமானம், உயரத்தில் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 961ஐ 830ஆல் வகுத்தால் 1.158 மணி. இதை 1 மணி 15 நிமிடம் என்று வாசிப்பவர்கள் உண்டு. தசம மணியை 60ஆல் பெருக்க வேண்டும். 0.158 × 60 = 9.5. ஆக 69.5 நிமிடம்.

இதோடு சேர்க்க வேண்டியவை:

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் 15 நிமிடம். 35,000 அடிக்கு ஏறும்போதும் அங்கிருந்து இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் இருக்காது. இறக்கத்துக்கு விமானிகளிடம் ஒரு பழைய மனக்கணக்கு உண்டு: ஆயிரம் அடிகளில் உயரத்தை எடுத்து 3ஆல் பெருக்கினால், எத்தனை நாட்டிகல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்று வரும். 35 × 3 = 105 நாட்டிகல் மைல், அதாவது 195 கி.மீ. மொத்தம் 961 கி.மீ. பாதையில் ஐந்தில் ஒரு பங்கு இறங்குவதிலேயே போகிறது. ஓடுபாதையின் திசைக்குத் திரும்பி வரும் சுற்றும் இந்த 15 நிமிடத்தில் அடக்கம்.

தரையில் நகர்வதற்கு 12 நிமிடம். புறப்படும் இடத்தில் 8, இறங்கும் இடத்தில் 4 என்று வைக்கலாம். பெங்களூரு போன்ற பெரிய நிலையத்தில் இது 25 நிமிடத்தையும் தாண்டும். லாங்இயர்பியனில் ஒரே ஓடுபாதை, சின்னக் கட்டடம். இறங்கி நிற்க அதிக நேரம் ஆகாது.

மொத்தம் 69.5 + 15 + 12 = 96.5 நிமிடம், அதாவது 1 மணி 35 நிமிடத்துக்குச் சற்று அதிகம். கால அட்டவணையில் இந்த வழித்தடத்துக்குப் போடும் நேரமும் இதை ஒட்டியே இருக்கும். அட்டவணையில் இருப்பது, புறப்படும் இடத்தில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து சேருமிடத்தில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம். ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. ‘1 மணி 20 நிமிடம்தானே பறந்தோம், ஏன் 1.40 என்று போட்டிருக்கிறார்கள்’ என்ற சந்தேகம் இதனால்தான் வருகிறது.

நிலப்பரப்பின் மேல் பறக்கும் வழித்தடங்களில் விமானம் நேர்க்கோட்டில் போவதில்லை. வகுத்த வான்பாதைகளில் போகிறது. அங்கே தூரத்தோடு 2 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ட்ரோம்சோவுக்கு வடக்கே திறந்த கடல்தான் என்பதால் இங்கே அது தேவைப்படாது.

சின்ன விமானத்துக்கு வேறு கணக்கு. லாங்இயர்பியன்–நி-ஓலசுண்ட் வழித்தடத்தில் பறந்து பழகியது டோர்னியர் 228. நம் நாட்டில் எச்.ஏ.எல். நிறுவனம் கான்பூரில் தயாரிக்கும் அதே ரகம். வேகம் சுமார் 400 கி.மீ. 109 கி.மீ.க்கு 16.4 நிமிடம். அது 35,000 அடிக்கு ஏறப் போவதில்லை. ஏற்றம், இறக்கம், தரை எல்லாம் சேர்த்து 8 நிமிடம் போதும். மொத்தம் ஏறத்தாழ 25 நிமிடம். இது யாரும் டிக்கெட் எடுக்கும் விமானம் அல்ல. அங்கே வேலை உள்ளவர்களுக்காக விடுவது. ஹிமாத்ரிக்குப் போகிறவர்கள் இருக்கையைத் தங்கள் நிறுவனம் வழியாகத்தான் உறுதி செய்ய வேண்டும்.

வட நார்வேயின் கரையோர ஊர்கள் பலவற்றில் ஓடுபாதை 800 மீட்டர் அளவுதான். ஜெட் இறங்க முடியாது. டாஷ் 8 ரக விசிறி விமானங்கள்தான் இறங்கும், வேகம் 500 கி.மீ. அளவு. இவை காவேரிப்பட்டணம், காரிமங்கலம் என்று நின்று நின்று போகும் பஸ் மாதிரி. வழியில் ஒவ்வொரு ஊரில் இறங்கி ஏறுவதற்கும் 25 நிமிடம் கூட்டுங்கள். இறங்கும் நேரம், தரையில் நிற்பது, மறுபடி ஏறுவது மூன்றும் சேர்ந்தது அது. டிக்கெட் எடுக்கும்போது ‘நேரடி’ என்ற சொல்லை நம்பாதீர்கள். விமான எண் மாறாமல் நடுவில் இறங்கினாலும் அதை நேரடி என்றே போடுவார்கள். ‘இடை நிறுத்தம் இல்லை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றும் குளிரும்

எதிர்க்காற்று 60 கி.மீ. வேகத்தில் அடித்தால் ஜெட்டின் தரை வேகம் 830இலிருந்து 770 ஆகும். 961 கி.மீ.க்கு 75 நிமிடம், ஐந்தரை நிமிடம் தாமதம். 120 கி.மீ. எதிர்க்காற்றுக்கு 81 நிமிடம். பின்காற்று என்றால் அதே எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் முழு வேகத்தையும் கழிக்கக் கூடாது. 45 டிகிரி சாய்வாக எதிர்த்து வந்தால் பத்தில் ஏழு பங்கை மட்டும் கழியுங்கள்.

மெதுவாகப் போகும் விமானத்தை இதே காற்று அதிகம் வருத்தும். 60 கி.மீ. காற்று ஜெட்டின் வேகத்தில் 7 சதவீதம், டோர்னியரின் வேகத்தில் 15 சதவீதம். சிறு விமானங்களின் நேரத்தை யாரும் நிமிடக் கணக்கில் உறுதியாகச் சொல்லாததற்கு இது ஒரு காரணம்.

குளிர் இன்னொரு வகையில் வேலை செய்யும். ஜெட் விமானம் ஒலியின் வேகத்தில் இத்தனை பங்கு என்ற அளவில்தான் பறக்கிறது. 737க்கு அது 0.78. குளிரக் குளிர ஒலியின் வேகம் குறையும். வெளியே மைனஸ் 56.5 டிகிரி இருந்தால் ஒலி 1,062 கி.மீ. வேகத்தில் போகும், விமானம் 828. மைனஸ் 65 ஆனால் ஒலி 1,041, விமானம் 812. இந்த வழித்தடத்தில் ஒன்றரை நிமிடம்கூட வித்தியாசம் வராது. பத்து மணி நேரப் பயணத்தில் 12 நிமிடம் வரும்.

குளிர் தரையில்தான் அதிக நேரம் எடுக்கும். இறக்கையில் உறைந்த பனியை வெந்நீர் கலந்த திரவம் அடித்து நீக்காமல் விமானத்தை எடுக்க மாட்டார்கள். இறக்கையில் பனி படிந்தால் அதன் வடிவம் கெட்டு, விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். அதற்கு 10 முதல் 20 நிமிடம். அக்டோபர் முதல் மே வரை பயணம் என்றால் இதை எப்போதும் கூட்டி வையுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது, இறங்க முடியாமல் திரும்பி வருவது. லாங்இயர்பியனில் மூடுபனியோ பலத்த காற்றோ இருந்தால், ‘பக்கத்து ஊரில் இறங்கிக்கொள்ளலாம்’ என்பதற்கு அங்கே பக்கத்து ஊர் கிடையாது. ஜெட் இறங்கக்கூடிய அடுத்த இடம் கடல் தாண்டி நார்வேயின் பெருநிலத்தில் இருக்கிறது. அதனால் போய்த் திரும்பும் எரிபொருளோடுதான் கிளம்புகிறார்கள். திரும்பினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பறந்துவிட்டு மறுபடி ட்ரோம்சோவிலேயே இறங்குவீர்கள். அடுத்த விமானம் பெரும்பாலும் மறுநாள்தான். ஸ்வால்பார்டில் கப்பல் பயணமோ, நி-ஓலசுண்டுக்கு இருக்கையோ பிடித்திருந்தால், அதற்கு ஒரு முழு நாள் முன்பே லாங்இயர்பியன் சேரும்படி திட்டமிடுங்கள்.

கடிகாரம்

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ட்ரோம்சோவுக்கும் ஸ்வால்பார்டுக்கும் ஒரே நேரம், அதனால் நேராகக் கழிக்கலாம். பின்லாந்து ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஹெல்சிங்கியில் 12.00 மணிக்குக் கிளம்பி ட்ரோம்சோவில் 12.50க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் 50 நிமிடம் அல்ல, 1 மணி 50 நிமிடம்.

நார்வே நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும். மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இணைப்பு விமானம் இருந்தால் இரண்டு முறை சரிபாருங்கள்.

லாங்இயர்பியனில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் உதிப்பதில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மறைவதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து மணி சொல்ல முடியாது. போனில் 24 மணி முறையை வைத்துக்கொண்டால் 2.30க்கும் 14.30க்கும் குழப்பம் வராது.

கிருஷ்ணகிரி வாசலிலிருந்து

பெங்களூருவிலிருந்து லாங்இயர்பியன் நேர்க்கோட்டில் சுமார் 7,960 கி.மீ.; நார்வேயின் தலைநகர் ஓஸ்லோ சுமார் 7,450. மேலே சொன்ன அதே ஹேவர்சைன் முறையில் போட்டால் இந்த எண்கள் வரும். வரைபடத்தில் ஸ்வால்பார்ட் உலகத்தின் உச்சியில் தெரிந்தாலும் ஓஸ்லோவைவிட 500 கி.மீ.தான் கூடுதல். ஆனால் நேர் விமானம் இல்லை. ஓஸ்லோ வரை 7,450, அங்கிருந்து 2,013 என்று சேர்ந்து 9,460 கி.மீ.க்கு மேல் ஆகிறது; நடுவில் இன்னொரு நகரில் மாறினால் இன்னும் கூடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகத் தூரம் போட்டுக் கூட்டுங்கள். முதல் ஊரையும் கடைசி ஊரையும் மட்டும் வைத்துப் போட்டால் 1,500 கி.மீ. தவறும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி 120 கி.மீ.க்கு மேல். ஒசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் வையுங்கள். தர்மபுரியிலிருந்து என்றால் இன்னும் ஒரு மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். ஐரோப்பா போகும் விமானங்கள் பல அதிகாலையில் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 3.00 என்று இருந்தால், கிருஷ்ணகிரியை விட்டு 14ஆம் தேதி இரவு 8.30க்குள் கிளம்பியாக வேண்டும். 15ஆம் தேதி காலையில் பெட்டியைக் கட்டினால் விமானம் போய் ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். லாங்இயர்பியனிலிருந்து திரும்பும் விமானத்திலும் பின்னிரவு நேரம் வரக்கூடும். அங்கேயும் தேதியை இப்படியே பாருங்கள்.

விசாவிலும் தூரக் கணக்கு போலவே ஒரு மறைந்த வளைவு இருக்கிறது. ஸ்வால்பார்ட் நார்வேயைச் சேர்ந்தது, ஆனால் செங்கன் எல்லைக்குள் (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் பகுதிக்குள்) இல்லை. 1920 ஒப்பந்தப்படி அங்கே போகத் தனி விசா தேவையில்லை என்றாலும், நார்வே வழியாகத்தான் போய் வர முடியும். ட்ரோம்சோவை விட்டுக் கிளம்பும்போது செங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒரு முறை நுழைவதற்கான செங்கன் விசா கையில் இருந்தால் திரும்ப வழி இருக்காது. இரண்டு முறையோ பல முறையோ நுழையும் விசா என்று விண்ணப்பத்திலேயே கேட்டு, கிடைத்த ஸ்டிக்கரில் அந்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

இதே காரணத்தால் நேரமும் கூடும். ஓஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகப் போகும் விமானத்தில், ட்ரோம்சோவில் கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். தனித்தனி டிக்கெட் எடுத்து ட்ரோம்சோவில் மாறுகிறவர்கள் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று இருக்கை தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்தச் செலவும் ட்ரோம்சோவில் தங்கும் செலவும் நம் தலையில் விழும்.